பன்னிரண்டு நிரை இங்கிலீஷ்

சண்முகவடிவுக்குத் தண்ணீர் குடிக்கப் பயம். பேய்க்குப் பயப்படுகிறவர்கள் உண்டு, துரைக்குப் பயப்படுகிறவர்கள் உண்டு. இவள் ஒரு போத்தல் தண்ணீருக்குப் பயந்தாள். காலையில் லயத்து வீட்டை விட்டு இறங்கும்போது அரைக் கோப்பை தேத்தண்ணி, அதோடு சரி. பொழுது சாய்ந்து வீடு திரும்பும்வரை வாயில் ஒரு சொட்டு படாது. இப்படியே பதினெட்டு வருஷம் ஓட்டிவிட்டாள். போன மாசியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனவளிடம், உள்ளே கல் இருக்கிறது, ஒரு நாளைக்கு மூன்று லீட்டர் குடிக்காவிட்டால் வெட்டித்தான் எடுக்க வேண்டி வரும் என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

"குடிக்கிறேனுங்க ஐயா. குடிச்சத எங்க விடுறது?" என்று கேட்டாள் வடிவு.

டொய்லட்டில் என்றார் அவர். நல்ல மனுசர்தான். ஒன்பதாம் நம்பர் மலையை அவர் கண்ணால் கண்டதில்லை, அவ்வளவுதான்.

வடிவு கொழுந்து பறிக்கிற அந்தத் தேயிலை மலை வட்டவளைக்கு மேலே இருக்கிறது. தோட்டத்தின் பேர் வேண்டாம், வீண் பொல்லாப்பு. அந்த மலையில் டொய்லட் கிடையாது. ஒதுங்கலாம் என்றால் மேல் பாதி கவ்வாத்து வெட்டி மொட்டையாகக் கிடக்கிறது, கீழ்ப் பாதிக்கு நேர் எதிரே பஸ் போகிற ரோட்டு. லயத்துக்கு இறங்க இருபத்தைந்து நிமிடம், திரும்பி ஏற அரை மணி. இரண்டு தரம் போய் வந்தால் அன்றைய கொழுந்து நிறுவையில் குறைந்து அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம்தான் விழும். ஆகவே மலையில் எந்தப் பொம்பளையும் தண்ணீர் குடிப்பதில்லை.

சொல்லாமல் இருந்தார்களா என்றால் இல்லை. வருஷத்துக்கு ஒரு தரம் தேயிலைக்குத் தரச் சான்றிதழ் கொடுக்கிற கம்பெனியிலிருந்து ஒரு வெள்ளைக்காரர் வருவார். தொழிலாளிகளிடம் குறை கேட்பார். தோட்டத்துக் கிளாக்கர் கஜேந்திரன் பக்கத்தில் நின்று இங்கிலீஷில் சொல்லுவார். போன மூன்று வருஷமும் வடிவுதான் முன்னால் போய் நின்று பேசினாள். போன வருஷம் டொய்லட்டைப் பற்றி ஐந்து நிமிடம் மூச்சு விடாமல் பேசினாள். கஜேந்திரன் எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுவிட்டு, வெள்ளைக்காரரிடம் திரும்பி நாலே நாலு சொல் சொன்னார். அதில் ஹேப்பி என்று ஒரு சொல் வந்தது. பிறந்தநாள் கேக்கில் எழுதியிருக்கிற சொல் என்பதால் வடிவுக்கு அது தெரியும். அந்த மனுசனின் வாயில் புழு விழாதா என்று அன்றைக்கு முழுக்க வயிறெரிந்தாள்.

இந்த வருஷம் கதை மாறியது. கஜேந்திரனே காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கிற பெரட்டில் வந்து நின்று, வேண்டாவெறுப்பாக அறிவித்தார்.

"இந்தத் தடவ வர்றவரு நடுவுல யாரும் நிக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாராம். நேரா உங்ககிட்டயே பேசுவாராம். இங்கிலீசுல. இருபத்தாறு நாள் இருக்கு. பேசுங்க பாப்போம்."

சொல்லிவிட்டு அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதுதான் வடிவை ஹட்டனுக்குப் பஸ் ஏற்றியது.

ஹட்டனில் இஸ்ஸதீன் முதலாளியின் புத்தகக் கடையில், முப்பது நாளில் இங்கிலீஷ் என்று அட்டையில் போட்ட ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு, இருபத்தாறு நாளில் ஒன்று இருக்கிறதா என்று கேட்டாள். கல்லாவில் இருந்தது முதலாளியின் மகள் அஸ்மியா. கடைக்கு மேல்மாடியில் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் வகுப்பு நடத்துகிறவள். என்ன விஷயம் என்று விசாரித்தாள். வடிவு மறைக்காமல் சொன்னாள். அஸ்மியா புத்தகத்தை வாங்கித் திரும்பவும் தட்டில் வைத்துவிட்டாள்.

"புஸ்தகம் வேணாம் அக்கா. ஞாயித்துக்கிழமை நானே வாறேன். எத்தன பேர்?"

பன்னிரண்டு பேர் வந்தார்கள், ஒன்பதாம் நம்பர் மலையில் கொழுந்து எடுக்கிற அத்தனை பேரும். இடம், வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப் போகிற தோட்டத்துப் பிள்ளைக்காம்பரா. தொங்குகிற தொட்டில்களுக்கு நடுவே, மூன்று வயதுப் பிள்ளைகளின் நாற்காலிகளில், முழங்கால் நெஞ்சைத் தொட உட்கார்ந்தார்கள். அஸ்மியா பாடத்தைத் தொடங்கினாள். பத்து நிமிடத்தில் அது தொழிற்சங்கக் கூட்டம் மாதிரி ஆகிவிட்டது.

"டீச்சர், கோ போய் வென்ட் ஆயிருச்சு. சரி. ஆனா வாக் மட்டும் ஏன் வாக்ட்டோட நின்னுருச்சு? போனா ஆளே மாறிடுறான், நடந்தா மாற மாட்டானா?" என்றாள் வடிவு.

"சிலது அப்படித்தான் அக்கா. மனப்பாடம் பண்ணணும்."

"போனியான்னு கேக்குறப்ப டிட் யூ வென்ட்னுதானே வரணும்? ஏன் கோங்கிறீங்க? போனது முடிஞ்சுதானே போச்சு?" இது வினோதா, கூட்டத்தில் இளையவள்.

"முடிஞ்சத டிட் ஒருக்கா சொல்லிட்டுது. ஒரு கூடைய ரெண்டு பேர் தூக்க வேணாம்."

இது எல்லோருக்கும் பிடித்திருந்தது. ஆனால் சாப்பிட்டேன் என்பதற்கே ஐ ஏட் ஒன்று, ஐ ஹேவ் ஈட்டன் ஒன்று என்று இரண்டு இருப்பதைக் கேட்டதும் ஒரே சத்தம். வயிறு ஒன்றுதானே, பிறகு எதற்கு இரண்டு என்றார்கள். நேற்றுச் சாப்பிட்டதற்கு ஹேவ் போடக் கூடாது என்றபோது, நேற்றுச் சாப்பிட்டது மட்டும் சாப்பாடு இல்லையா என்று சுலக்ஷனா சண்டைக்கே நின்றாள். அஸ்மியா தலையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் வாசலில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த வீரய்யா கங்காணி தொண்டையைச் செருமினார். அந்தப் பன்னிரண்டு பேரையும் தினமும் மலையில் வேலை வாங்குகிறவர் அவர்தான்.

"மொத்தம் எத்தன காலம் டீச்சரம்மா?"

"பன்னெண்டு."

"நம்ம ஆளு எத்தன?"

"பன்னெண்டு."

"அப்புறம் என்னத்துக்கு இந்த ரோதன? ஒரு மலைய ஒருத்தியே எடுத்து முடிப்பாளா? மலைல செடி வரிசைய பிரிக்கிற மாதிரி ஆளுக்கு ஒரு நிரை போடுங்க. முடிஞ்சுது சோலி."

அஸ்மியா சிரித்தாள். பிறகு சுற்றிப் பார்த்தாள். வேறு யாரும் சிரிக்கவில்லை.

"அப்படி ஏலாது கங்காணியாரே. பேச்சுன்னா ஒரு ஆளுக்கே எல்லாக் காலமும் வேணும்."

"இருபத்தாறு நாளைல எல்லாரும் எல்லாத்தையும் படிச்சிருவாங்களா?"

அஸ்மியா விரல் விட்டு நாளை எண்ணிப் பார்த்தாள்.

மறுநாள் காலைப் பெரட்டில் வீரய்யா மலை பிரிக்கிற அதே குரலில் காலத்தைப் பிரித்தார். வினோதாவுக்கு நிகழ்காலம். சுலக்ஷனாவுக்கு நடந்துகொண்டிருக்கிற காலம், ஏனென்றால் அவள் ஒரு நிமிடம் சும்மா இருக்க மாட்டாள். லெட்சுமிக்கு எதிர்காலம், அவள் மகன் ஏ.எல். சோதனைக்குப் படிக்கிறான். வடிவைப் பார்த்து, "நடந்த கத பூரா உங்கிட்டதான் இருக்கு. நீ இறந்தகாலம்" என்றார். இப்படியே போய், அடுத்த வருஷம் இந்நேரம் செய்துகொண்டே இருந்திருப்பேன் என்கிற ஒரு காலம் மிச்சம் கிடந்தது. பெரட்டுக்குப் பிந்தி வந்த தெய்வானைக்கு அது விழுந்தது. பிந்தி வருகிறவளுக்குச் செங்குத்தான நிரைதான், தோட்டத்தில் அது யாரும் எழுதாத சட்டம்.

"இத நான் எந்தக் காலத்துல பேசப் போறேன்?" என்று தெய்வானை அழாத குறையாகக் கேட்டாள்.

இன்னொரு சட்டமும் உண்டு, அது இதைவிடப் பெரியது. ஒருத்தியின் நிரையில் இன்னொருத்தி கை வைக்கக் கூடாது. பக்கத்து நிரையில் இரண்டு கொழுந்து கிள்ளியதற்காகக் கூடப்பிறந்தவர்கள் வருஷக்கணக்கில் பேசாமல் இருந்த கதை அந்த மலையிலேயே இருக்கிறது. இங்கிலீஷும் நிரையாகப் பிரிந்த பிறகு, அந்தச் சட்டம் தானாகவே அதற்கும் வந்து ஒட்டிக்கொண்டது.

வந்த வினையைக் கேளுங்கள். தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் குடத்தை வைத்துவிட்டு சுலக்ஷனா விளையாட்டுக்கு "ஐ வென்ட் டு ஹட்டன்" என்று சொல்லிவிட்டாள்.

"என் நிரைல உனக்கு என்னா வேல?" என்று வடிவு பிடித்துக்கொண்டாள். "உன்னோடது போய்க்கிட்டிருக்கிறது. நீ போய்க்கிட்டே இரு."

வினோதாவின் புருஷன், சோறாக்கியாச்சா என்று ஆசையாக இங்கிலீஷில் கேட்டபோது, அது வடிவக்காவிடம் கேட்க வேண்டியது என்று அவள் சொல்லிவிட்டாள். அந்த ஆள் உண்மையிலேயே வந்து கேட்டான். வடிவும் "யெஸ், ஷீ குக்ட்" என்று பதில் சொல்லி அனுப்பினாள். தபாலில் வந்த இங்கிலீஷ் கடிதத்தை வாசிக்க ஆறு பேரைக் கூப்பிட வேண்டியிருந்தது. ஞாயிறு தோறும் வந்து பார்த்த அஸ்மியா இரண்டு வாரம் எதிர்த்தாள், மூன்றாம் வாரம் தானே கொப்பியில் பன்னிரண்டு கட்டம் போட்டுப் பேர் எழுதினாள். ஏனென்றால் அவரவர் நிரையில் ஒருத்திகூடப் பிழை விடவில்லை.

வடிவு அந்த இருபத்தாறு நாளும் கொழுந்து கிள்ளிக்கொண்டே மனப்பாடம் செய்தாள். வி ஆஸ்க்ட். ஹி ஹர்ட். ஹி டிட் நாட் டெல். அந்தக் கடைசி வரியைச் சொல்லும்போதெல்லாம் கஜேந்திரனின் முகம் எப்படிப் போகும் என்று நினைத்து, இடுப்பு வலியிலும் சிரித்துக்கொண்டாள்.

குறித்த நாளும் வந்தது. தொண்டை வறண்டால் சொல் வராது, தண்ணீர் குடித்துவிட்டுப் பேசுங்கள் என்று அஸ்மியா சொல்லியிருந்தாள். வடிவுக்குக் காலையிலேயே நாக்கு மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கொஞ்சம் குடித்தாள். போதவில்லை. பயத்தில் ஒரு போத்தலையும் குடித்துத் தீர்த்துவிட்டாள். பதினெட்டு வருஷத்தில் மலையில் அவள் குடித்த முதல் போத்தல் அதுதான்.

வெள்ளைக்காரர் ஒன்பது மணிக்கு வருவார் என்றார்கள். பத்து ஆயிற்று. பத்தரை ஆயிற்று. வடிவு காலை மாற்றி மாற்றி நின்றாள், பல்லைக் கடித்தாள், குலசாமியைக் கூப்பிட்டாள். பதினொன்றுக்குக் கீழே ரோட்டில் ஜீப் நிற்கிற சத்தம் கேட்டபோது அவளால் இனி ஒரு நிமிடமும் ஏலாது.

"நான் போயிட்டு ஓடியாந்துர்றேன். பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு இறங்கி ஓடினாள்.

பிறகு நடந்ததை அவளுக்குப் பதினோரு பேர் பதினோரு விதமாகச் சொன்னார்கள். வெள்ளைக்காரர் அட்டை கடிக்காமலிருக்க முழங்கால்வரை உறை போட்டுக்கொண்டு ஏறி வந்திருக்கிறார். பின்னால் கஜேந்திரன், அவர் பேசக் கூடாது என்று கட்டளை. வேலை பிடிக்கிறதா என்று வெள்ளைக்காரர் கேட்டார். வினோதா தன் நிரையில் நின்று, "யெஸ், வி லைக்" என்றாள். குறைகளை இதற்கு முன் ஆபீசில் யாரிடமாவது சொன்னீர்களா என்று கேட்டார். அது இறந்தகாலம், வடிவின் நிரை.

பதினோரு பேரும் வடிவு நிற்க வேண்டிய இடத்தைப் பார்த்தார்கள். வெள்ளைக்காரரும் பார்த்தார். அங்கே ஒரு காலிக் கூடைதான் இருந்தது. அவர் திரும்பவும் கேட்டார். பதில் எல்லோருக்கும் தெரியும். வி ஆஸ்க்ட் என்கிற இரண்டு சொல்லும் அத்தனை பேர் வாயிலும் இருந்தது. ஆனால் இல்லாதவள் நிரையில் யார் கை வைப்பது?

"ஷீ வில் கம்" என்று லெட்சுமி எதிர்காலத்திலிருந்து உதவி செய்தாள்.

"ஷீ இஸ் வாக்கிங்" என்றாள் சுலக்ஷனா.

எங்கே போய்க்கொண்டிருக்கிறாள் என்று அவர் கேட்டார். "டு டொய்லட். ஷீ இஸ் வாக்கிங்." டொய்லட் எங்கே என்று கேட்டார். வினோதா கையை நீட்டி, பள்ளத்தில் தீப்பெட்டி அடுக்கியது போலத் தெரிந்த லயத்தைக் காட்டினாள். "தேர். வெரி ஃபார்." கஜேந்திரன் இரண்டடி முன்னால் வந்து, சேர், இவர்களுக்கு ஒரு குறையும் இல்லை என்று தொடங்கினார். வெள்ளைக்காரர் கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். ஜீப்பை விட்டு இறங்கும்போதே ஒருத்தி கீழே ஓடுவதை அவர் கண்டிருந்தார். பிறகு ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து மணிக்கூட்டைப் பார்த்தார்.

பதினோரு பெண்களும் பெரட்டில் நிற்பது போல நின்றார்கள். மழை தூறியது. யாரும் அசையவில்லை. மனுசன் குடையை விரித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தார். இப்படி ஒரு நாளையும் தன் சேவைக் காலத்தில் கண்டதில்லை என்று வீரய்யா இன்றைக்கும் சொல்கிறார்.

வடிவு திரும்பி ஏறும்போது அழுதுகொண்டே ஏறினாள். அவர் போயிருப்பார், எல்லாம் போயிற்று, மூன்று வருஷமும் ஒரு போத்தல் தண்ணீரில் கரைந்து போயிற்று என்று தன்னையே திட்டிக்கொண்டு வந்தாள். மேட்டில் தலை தெரிந்ததும் பன்னிரண்டு பேர் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். பன்னிரண்டாவது ஆள் கல்லில் உட்கார்ந்திருந்தார்.

"வேர் டிட் யூ கோ?" என்று கேட்டார்.

இருபத்தாறு நாள் படித்ததெல்லாம் அவளுக்கு மறந்து போயிற்று. வி ஆஸ்க்ட் மறந்தது, ஹி டிட் நாட் டெல் மறந்தது. நடந்ததை மட்டும் சொன்னாள்.

"ஐ வென்ட் டொய்லட். ஐ வாக்ட். ஐ கேம்."

அவர் மணிக்கூட்டைப் பார்த்தார். அவள் ஓடியதிலிருந்து ஐம்பத்தெட்டு நிமிடம். அதைக் கொப்பியில் எழுதினார். எழுதியதை இரண்டு தரம் அடிக்கோடிட்டார். கஜேந்திரன் கீழே பார்த்துக்கொண்டு நின்றார்.

அதற்குப் பிறகு வேலை வேகமாக நடந்தது. இரண்டு மாதத்தில் ஒன்பதாம் நம்பர் மலையில், அவர் உட்கார்ந்த கல்லுக்குப் பக்கத்திலேயே டொய்லட் எழும்பியது. நீலக் கதவு, தண்ணீர்த் தாங்கி, இங்கிலீஷில் ஒரு பலகை. தோட்டத்துத் துரை வந்து ரிப்பன் வெட்டினார், படம் எடுத்தார்கள், படத்தை வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள். அனுப்பிவிட்டுக் கதவைப் பூட்டினார்கள்.

"சாவி ஆபீசுல இருக்கும்" என்றார் கஜேந்திரன். "தேவப்படுறவங்க வந்து ரெஜிஸ்டர்ல பேரு, போற நேரம், வர்ற நேரம், காரணம் நாலும் எழுதி வாங்கிட்டுப் போகலாம்."

ஆபீஸ் எங்கே இருக்கிறது என்றால், லயத்தையும் தாண்டிப் பதினைந்து நிமிடம். வடிவு முதலில் தன் காது கேட்டது சரிதானா என்று யோசித்தாள். பிறகு சிரிப்பு வந்தது, பிறகு அழுகை வந்தது, கடைசியில் கோபம் வந்தது. மறுநாள் விடிந்ததும் பெரட்டுக்கு முன்னால் ஆபீசுக்குப் போனாள். பேர் எழுதினாள். போற நேரம் எழுதினாள். காரணம் என்கிற இடத்தில் தன் நிரையிலிருந்து ஐ ட்ராங்க் வோட்டர் என்று தமிழ் எழுத்தில் எழுதினாள். சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு மலைக்கு ஏறினாள். வர்ற நேரம் என்கிற இடம் அன்றைக்கும் காலியாக இருந்தது, அடுத்த நாளும் காலியாக இருந்தது.

மூன்றாம் நாள் கஜேந்திரன் மலை ஏறி வந்தார். வேர்த்து விறுவிறுத்து, சேட்டுப் பொத்தானைத் திறந்துவிட்டுக்கொண்டு வந்து நின்றார். மிரட்டலுக்கு இங்கிலீஷ்தான் சரி என்று நினைத்தார் போல.

"வென் வில் யூ ரிட்டர்ன் த கீ?"

என்ன இருந்தாலும் கிளாக்கர். நாளைக்கு வேலை இல்லை என்று சொல்லக்கூடிய மனுசர். பொழுது சாயத் தந்துவிடுகிறேன் என்று சொல்ல வடிவு வாயெடுத்தாள், கை தானாகக் கழுத்துக் கயிற்றுக்குப் போயிற்று. அதற்குள் மூன்று நிரை தள்ளி லெட்சுமியின் குரல் கேட்டது. அவள் நிமிரவே இல்லை, கை பாட்டுக்குக் கொழுந்தைக் கிள்ளிக்கொண்டிருந்தது.

"ஷீ வில் நாட் ரிட்டர்ன்."

கஜேந்திரன் லெட்சுமியைப் பார்த்தார், வடிவைப் பார்த்தார்.

"நான் ஒங்கிட்டதான கேக்குறேன் வடிவு. நீ சொல்லு."

வடிவு கழுத்துக் கயிற்றிலிருந்து கையை எடுத்தாள்.

"அது லெட்சுமியோட நிரைங்க ஐயா. அவ சொன்னா சொன்னதுதான். அதுல நான் கை வைக்க மாட்டேன்."

பன்னிரண்டு பேரும் குனிந்து வேலை செய்தார்கள். கஜேந்திரன் சேட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார். வளைவில் தலை மறையும்வரை வடிவு பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கூடையை இறக்கி, போத்தலை எடுத்து, நின்ற இடத்திலேயே நின்று முழுவதையும் குடித்தாள். அரை மணி கழித்து நீலக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனாள். நாலு நிமிடத்தில் திரும்பி வந்து தன் நிரையில் நின்றாள்.